லெட்சுமி அக்கா கண்டியிலேயே இருந்துவிட்டார்

லெட்சுமி அக்கா போய்விட்டார்.

காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது வட்ஸ்அப்பில் கோல் வந்தது. கண்டியிலிருந்து, அக்காவின் நம்பர். எடுத்தால் வேறு குரல்... அவருடைய பக்கத்து வீட்டுக் குசுமா.

அக்கா நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாராம். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், எனக்கு விளங்க வேண்டும் என்று. பிறகு கேட்டார்: "இவருடைய ஆட்களில் யாருக்கு அறிவிக்க வேண்டும்?"

எனக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டிய ஸ்டொப்பும் போய்விட்டது.

இங்கே ரொறன்ரோவில் என்னோடு இருக்கிற யாருக்கும் அவரைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, கண்டித் தபால் கந்தோரில் வேலை பார்த்த அப்பா, அம்மாவையும் தங்கச்சிகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார். நான் ஒரு புடவைக் கடையில் கேஷியர் வேலை கிடைத்ததால் கண்டியில் நின்றுவிட்டேன். அந்தக் கடையில் சேல்ஸில் இருந்தவர்தான் லெட்சுமி அக்கா. பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்.

கடையும் கலவரத்தில் எரிந்த கடைதான். குஜராத்திலிருந்து வந்த பழைய முதலாளி அதோடு ஊருக்கே போய்விட, அவருடைய மருமகன் திரும்பத் திறந்து நடத்தினார்.

நானும் அக்காவும் ஒரே ரூமில் இருந்தோம். ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கி அம்மாவின் வீட்டு மேல்மாடி. அந்த அம்மாவின் பிள்ளைகள் எல்லாரும் அவுஸ்திரேலியாவில்.

அந்த வீட்டில் எல்லாருமே யாரையோ அனுப்பிவிட்டு மிஞ்சியவர்கள்... அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமைத்தோம், சாப்பிட்டோம், வேலைக்குப் போனோம்.

அக்காவின் குடும்பம் முழுக்க இந்தியாவில். தோட்டத்து ஆட்களை இந்தியாவா இலங்கையா என்று பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடச் சொன்ன காலத்தில் அவருடைய அப்பா இந்தியாவுக்கு எழுதிப் போட்டார். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா தனியாக இலங்கைக்கு எழுதிப் போட்டார். அப்பாவுக்குக் கிடைத்தது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

அப்பா, அம்மா, தம்பிமார் எல்லாரும் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனார்கள். அக்கா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கண்டியில்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன் அக்கா" என்று ஒருநாள் சொன்னேன். அவர் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போர்ட்டு யாரு குடுப்பா? நான் எந்த நாட்டுக்காரின்னு கேட்டா என்னா சொல்றது?"

பிறகு சிரித்துவிட்டு, "கோத்தகிரியில எங்க தம்பிய சிலோன்காரன்னு கூப்புடுறாங்களாம். இங்க நம்மள இந்தியாக்காரிங்குறாங்க" என்றார்.

யுத்தம் மும்முரமான காலம். பாதையில் மறித்தால் அடையாள அட்டை காட்ட வேண்டும். என்னுடைய அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அக்காவிடம் அட்டையே இல்லை, கடை முதலாளி கொடுத்த கடிதம் மட்டும்தான்.

"ரெண்டு பேரையும் சேத்தாலும் ஒரு முழு ஆளு தேறாது போல" என்பார்.

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் காலை பொலிஸ் வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் இருந்த பெரிய அதிகாரி அக்காவிடம் சிங்களத்தில் பேசினார். அக்கா சளசளவென்று பதில் சொன்னார். "நீ தோட்டத்து ஆள், பிரச்சினை இல்லை, போ" என்றார் அவர். பிறகு என் அட்டையைத் திரும்பப் பார்த்தார்... "இவள் இருக்கட்டும்."

அக்கா போகவில்லை. வந்து சுவரோரத்து மர வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்கள் போங்கோ அக்கா. உங்களையும் பிடிச்சு வைக்கப் போறாங்கள்" என்றேன்.

"சும்மா இரு. ஒன்ன விட்டுட்டுப் போயி அந்த ரூம்ல நான் தனியா என்னா பண்றது?"

மத்தியானம் வெளியே போய்ப் பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கி வந்து பாதியை என் கையில் வைத்தார். அடுத்த நாள் முதலாளி வந்து கையெழுத்துப் போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்வரை அந்த வாங்கில்தான் இருந்தோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கனடாவில் இருந்த மாமா விடவில்லை. எனக்குக் கலியாணம் பேசி, விசா எடுத்து... எல்லாம் வேகமாக நடந்தது.

கண்டி ரயில்வே ஸ்டேஷனுக்கு அக்கா வந்தார். பேக்கை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"ரயிலு கெளம்புற வரைக்கும் நிக்க மாட்டேன். கோவிச்சுக்காத. எங்க வீட்டு ஆளுங்கள ஏத்திவிட்டதும் இதே எடம்தான்... அன்னைக்கு நின்னது போதும்."

என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். வேகமாக, வேலைக்குப் பிந்திவிட்டது போல. ரயில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

பிறகு எல்லாம் போனில்தான். சட்டம் மாறி இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த சந்தோஷத்தைப் போனில்தான் சொன்னார். இனி இந்தியாவுக்குப் போகலாமே என்றேன். அப்பாவும் அம்மாவும் இறந்து நாளாகிவிட்டது, தம்பிமாரும் வீடு மாறிவிட்டார்கள், கடிதம் திரும்பி வருகிறது என்றார். "இப்ப போயி யாரப் பாக்குறது?"

கலியாணம் செய்துகொள்ளவில்லை. கடை மூடிய பிறகும் கண்டியில்தான் இருந்தார். கடைசியாகப் பேசும்போது, "இங்க வாய் தொறந்து தமிழ் பேசி எவ்வளவு நாளாச்சு" என்றார். நான் ஒரு மணித்தியாலம் கதைத்தேன்.

குசுமா இன்னொன்றும் கேட்டார். எரிப்பதா, அடக்கம் செய்வதா?

அடக்கம் என்றேன். பன்விலவில் அவர்களுடைய வழக்கம் அதுதான் என்று எப்போதோ சொன்ன ஞாபகம். சரியாகத்தான் சொன்னேனா தெரியவில்லை... கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

நாளை பிற்பகல், மஹியாவ மயானம். குசுமாவும் அந்தத் தெரு ஆட்களும் போகிறார்கள்.

கண்டிப் பக்கம் இருக்கிற யாராவது இதைப் படித்தால், முடிந்தால் போங்கள். அவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மண் போடும்போது தமிழில் ஏதாவது சொல்லுங்கள்.

போயிட்டு வாங்கோ, அக்கா.