விருந்தாளி வராத நாளில் இனிப்பு தோசை

அடுத்தவங்க அடுப்படியில போய் நின்னு அவங்களுக்கே சமையல் கத்துக் குடுக்குறது இருக்கே, அதைவிட வம்பான உத்தியோகம் ஒண்ணு கிடையாது. புதுசா ஒரு பலகாரம் சுட்டு, தட்டை நீட்டிட்டு, திங்கிறவங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னிருக்கீங்களா? அப்ப நான் சொல்லப்போறது உங்களுக்குப் புரியும். நீங்க உங்க வூட்டுல நின்னீங்க, நான் சம்பளத்துக்கு நின்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுபதுகளோட கடைசியில பெரம்பலூர்ப் பக்கம் நான் கிராம சேவிகாவா இருந்தேன், ஊர் ஊராப் போய்ப் பொம்பளைங்களுக்குச் சத்தான சமையல் சொல்லிக் குடுக்குற அரசாங்க வேலை. ரேஷன்ல கோதுமை போட்டுக்கிட்டு இருந்த காலம். கம்பும் சோளமும் தின்னு பழகுன சனங்க அதை வாங்கிட்டுப் போய் கோழிக்கு இறைச்சுட்டு இருந்தாங்க. அதை மனுசங்க திங்கிற மாதிரி பண்ணணும்னு எனக்கு உத்தரவு. என் வேலையோ தற்காலிகம். எனக்கு மேல இருந்த முக்கிய சேவிகா கறாரான அம்மா. ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க: "நீ நின்னு சுட்டுக் காட்டுறது கணக்குல சேராது. நீ இல்லாதப்ப ஒரு வூட்டுலயாவது அவங்களா சுட்டாங்கன்னு நான் கண்ணால பாக்கணும். இல்லைன்னா உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன்."

அப்பா படுத்த படுக்கையா இருந்தாரு. என் சம்பளத்துலதான் எங்க வூட்டுல உலை கொதிச்சுது.

முட்டையும் பாலும்

பயிற்சி நிலையத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது பான்கேக். கோதுமை மாவுல முட்டையை உடைச்சு ஊத்தி, பாலும் சர்க்கரையும் விட்டுக் கரைச்சு, ஊத்தப்பம் மாதிரி தடிமனா சுட்டு எடுக்குற இனிப்பு தோசைன்னு வச்சுக்கங்களேன்.

அரும்பாவூருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊரு. அங்க மாதர் சங்கத்தைக் கூட்டுறவங்க செல்லம்மா அக்கா. அவங்க வாசல்லதான் என் முதல் செயல் விளக்கம். "ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால்"னு நான் பெருமையா ஆரம்பிச்சேன். எல்லாரும் செல்லம்மா அக்கா மூஞ்சியைப் பாத்தாங்க. அக்கா வூட்டுல கோழியும் இருந்துச்சு, மாடும் இருந்துச்சு. ஆனா முட்டை அடை வைக்க, பால் டீக்கடைக்கு. வூட்டுப் புள்ளைங்களுக்கே ரெண்டையும் கண்ணுல காட்டுறதில்ல. அக்கா என்னைக் கோவிச்சுக்கல, பொறுமையா எடுத்துச் சொன்னாங்க: "முட்டையை அடை வச்சா கோழியா வரும் சேவிகாம்மா, மாவுல ஊத்துனா மறுநா கொல்லைக்குத்தான் போவும்."

வூட்டுக்காரம்மா நாக்கு

முட்டையும் வேணாம், பாலும் வேணாம், அதே தோசை வரணும். பெரம்பலூர்ல நான் வாடகைக்கு இருந்த அறையில மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பத்த வச்சு உக்காந்தேன். வெறும் தண்ணியில கரைச்சா பசை. ஆப்பசோடாவை அள்ளிப் போட்டா சோப்பு வாசம். வெல்லம் கூடிப்போனா அடி கருகி, உள்ள பச்சை மாவு. சுட்டதையெல்லாம் முன்கட்டுல இருந்த வூட்டுக்காரம்மா கதிஜாம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுப்பேன். வேணாம்னு அவங்க ஒரு நாளும் சொன்னதில்ல. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல.

அந்தப் பக்கம் எந்த வூட்டைத் தட்டுனாலும் கிடைக்கிறது நிலக்கடலைதானேன்னு ஒரு நா தோணுச்சு. ஒரு கை ஊறப் போட்டு, தோலை உரிச்சு, ஆட்டிப் பாலெடுத்தேன். முட்டைக்குப் பதிலா நல்லா கனிஞ்ச வாழைப்பழம் ஒண்ணைப் பிசைஞ்சு விட்டேன். மண்ணு போக வடிகட்டுன வெல்லத்தண்ணி, ரெண்டு ஏலக்காய், உப்புக்கல்லு ஒண்ணு. காலையில கரைச்சு சாயங்காலம் வரைக்கும் அப்படியே வச்சேன். லேசாப் பொங்கி நின்னுச்சு. கடலை எண்ணெயில கத்தரிக்காய்க் காம்பைத் தொட்டுக் கல்லுல தேய்ச்சு, தீயைக் குறைச்சு, மூடி போட்டு எடுத்தேன். ஓரம் முறுகலா, நடு மெத்துன்னு வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. கதிஜாம்மா ஒரு விள்ளல் வாயில போட்டாங்க. ரொம்ப நேரம் மென்னாங்க. அப்புறம் சொன்னாங்க: "போன வாரம் சுட்டது கையில ஒட்டுச்சு, நேத்து சுட்டது பல்லுல ஒட்டுச்சு, இன்னிக்குத்தான் புள்ளே, அல்லா கிருபையில வயித்துக்குப் போவுது."

வெள்ளிக்கிழமை இரும்பு

மாவு கைக்கு வந்துருச்சு, இனி என்ன கவலைன்னு ஒரு வெள்ளிக்கிழமை செல்லம்மா அக்கா வூட்டுக்குப் போயிட்டேன். அங்க போனப்புறம்தான் தெரியுது, அந்தத் தெருவுக்கே தோசைக்கல்லு ஒண்ணுதான். தீவாளிக்கும் பொங்கலுக்கும் வூடு வூடாப் போகும், மத்த நாள்ல பரண்ல கிடக்கும். கல்லுக்குச் சொந்தக்காரி எதிர் வூட்டுப் பவுனு, செல்லம்மா அக்காவோட நாத்தனார். வெள்ளிக்கிழமை இரும்பை வாசப்படி தாண்டிக் குடுக்க மாட்டேன்னு பவுனு ஒரே பிடியா நின்னுருச்சு. "வேணும்னா எல்லாரும் இங்க வாங்க." சங்கமே எந்திரிச்சு எதிர் வூட்டுக்குப் போனோம். செல்லம்மா அக்கா முகம் சுண்டிப்போச்சு.

முதல் தோசை கல்லைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேனுது. சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். கல்லைக் குத்தம் சொல்லாதே, அதுக்கு ஆளு தெரியும்னு பவுனு ஒரு இடி இடிச்சுது. ரெண்டாவது நல்லா வந்துச்சு. மூணாவதுக்கு அடிச்சுக்கிட்டாங்க. எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு, செய்முறையை ஒப்பிக்கவும் செஞ்சாங்க. ஆனா அடுத்த மாசம் போய்க் கேட்டா ஒருத்தரும் சுடல. அதுக்கடுத்த மாசமும் அதே கதை. கோதுமை இல்லையா, கடலை இல்லையா, என்னதான் குறைச்சல்னு செல்லம்மா அக்காவைக் கேட்டேன். அவங்க குரலைத் தணிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "பண்டிகை இல்லாத நாள்ல இங்க விருந்தாளிக்குத்தான் தோசை. சுட்டா வாசம் தெருக்கோடி வரைக்கும் போவும். யாரு வந்திருக்கான்னு கேப்பாங்க. நான் யாரைக் காட்டுவேன்?"

யாரு வந்திருக்கா?

ஒரு நா மத்தியானம் முக்கிய சேவிகாம்மா, எங்க போறோம்னுகூடச் சொல்லாம, கூட வான்னு கூப்பிட்டாங்க. பஸ்ல டிக்கெட் எடுக்குறப்பதான் ஊர் பேரு தெரிஞ்சுது. முன்கூட்டி ஆள் விட்டுச் சொல்ல வழியில்ல. வேலை போச்சுடி உனக்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இறங்குனேன். தெருவுல கால் வச்சா ஏலக்காய் வாசம். செல்லம்மா அக்கா வாசல்ல ஒரே கூட்டம். நடுவுல பவுனு, ரெண்டு கையையும் இடுப்புல வச்சுக்கிட்டு நிக்குது.

விஷயம் இதுதான். மிளகா வறுக்கணும்னு காலையில கல்லு வாங்கிட்டுப் போயிருக்காங்க செல்லம்மா அக்கா. மிளகா நெடிக்குப் பதிலா ஏலக்காய் வாசம் வந்திருக்கு. அக்காவுக்கு மல்லிகான்னு கல்யாண வயசுல ஒரு பொண்ணு. பவுனு மகன் முறை மாப்பிள்ளை. அவனை விட்டுட்டு வெளியூர்லேருந்து யாரையோ வரவழைச்சு, தோசை சுட்டுப் போட்டு, கமுக்கமாப் பொண்ணு காட்டுறாங்கன்னு பவுனு முடிவு கட்டிருச்சு. தம்பி வூட்டுப் பொண்ணு கைநழுவிப் போகுதேன்னு அதுக்கு ஆத்தாமை.

முக்கிய சேவிகாம்மா கூட்டத்தை விலக்கிட்டுப் போய் நேராக் கேட்டாங்க. "என்னம்மா, கோதுமை தோசை சுட்டீங்களா?"

செல்லம்மா அக்கா பவுனைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "இல்லீங்க. இங்க யாரும் ஒண்ணும் சுடல."

அக்கா, ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லேன்னு கெஞ்சணும் போல இருந்துச்சு. வாயைத் திறந்தா நான் சொல்லிக் குடுத்துச் சொல்ல வச்ச மாதிரி ஆயிரும். அப்பா மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அப்பப் பாத்து பவுனு பாஞ்சுது. "பொய் சொல்றா அதிகாரியம்மா. சுட்டிருக்கா. கடலைப்பால் ஊத்தி, வாழைப்பழம் போட்டு, இந்தச் சேவிகாம்மா சொன்னபடியே சுட்டிருக்கா. எம்மூக்கு ஏமாறாது. யாருக்குச் சுட்டான்னு மட்டும் கேளுங்க." சொல்லிட்டு விறுவிறுன்னு உள்ள போயி, குதிருக்குப் பின்னால, உரலுக்குப் பின்னாலன்னு தேடுச்சு. ஆள் யாரும் இல்ல. துணி போட்டு மூடியிருந்த பித்தளைத் தட்டுதான் கிடைச்சுது. கொண்டுவந்து வாசல்ல வச்சுது.

செல்லம்மா அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. தலையை நிமுத்தாமலே சொன்னாங்க. "யாரும் வரலை அண்ணி. நல்ல நாளு கெட்ட நாளு ஒண்ணுமில்ல. அன்னிக்குத் தின்ன ருசி நாலு நாளா நாக்குல வந்து வந்து நின்னுச்சு. எனக்குத் திங்கணும்னு இருந்துச்சு. அதான் சுட்டேன்."

தனக்குத் திங்கணும்னு ஒரு பொம்பளை அடுப்பு மூட்டுனதை அந்தத் தெரு அதுக்கு முன்ன கேட்டிருக்காது. நானும்தான் கேட்டதில்ல. பவுனு தம்பி பொண்டாட்டி பக்கத்துலயே போய் உக்காந்துருச்சு. கல்லு என்னுது, எனக்கொண்ணு குடுன்னு கேட்டு வாங்கித் தின்னுச்சு. முக்கிய சேவிகாம்மாவும் தரையில சம்மணம் போட்டு உக்காந்து தட்டுல மிச்சம் இருந்ததைத் தின்னு முடிச்சாங்க. என்னை நிமிந்து பாத்துச் சொன்னாங்க: "உன் வேலைக்கு நான் எழுதிடுறேன். தனக்குன்னு சுட்டதை நாம தின்னுட்டோம், அந்தம்மாவுக்கு நீ ரெண்டு சுட்டுக் குடுத்துட்டு வா."

சுட்டுக் குடுத்தேன். முதல் தோசை அன்னிக்கும் ஒட்டிக்கிட்டுதான் வந்துச்சு. அந்த வேலை நிரந்தரமாகி, ஊர் ஊரா மாறி, ஓய்வும் வாங்கியாச்சு. இப்பவும் யாரும் வராத சாயங்காலம் பாத்துக் கடலையை ஊறப்போட்டு, எனக்கே எனக்குன்னு ஒண்ணு சுட்டு, சூடு ஆறுறதுக்குள்ள திங்கிறப்ப செல்லம்மா அக்கா ஞாபகம் வரும்.

கோதுமையைத் தின்ன வைக்கச் சொல்லி என்னை அனுப்புனது அரசாங்கம், என் சோத்தைக் காப்பாத்திக் குடுத்தது என்னவோ ஒரு நாத்தனாரோட மூக்குதான்.