யாருக்கு வலப்பக்கம்?

கோலா சிலாங்கூரில் ஜெர்சிக்கு அச்சடிக்கும் கடை வைத்திருந்தார் ஓர் அக்கா. கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதலில் தலைகீழாகத் திருப்பித்தான் பார்ப்பார்.

பிள்ளைகளே, ஆட்கள் பலர் ரவாங் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டதால், எங்கள் தோட்டத்துப் பந்துக் குழுவும் பக்கத்துத் தோட்டத்துக் குழுவும் ஒன்றாகச் சேர்ந்தன. எங்கள் சின்னம் சேவல்; அவர்களுடையது மீன். இரண்டையும் ஒரே கேடயத்துக்குள் பக்கம் பக்கமாகப் போடவேண்டும். வலப்பக்கம்தான் மரியாதை என்று இரு தரப்பும் அக்கா கடையில் நின்று அதையே கேட்டோம்.

"எங்களுக்கு வலது இல்லேன்னா ஆட வரமாட்டோம்லா!" என்றார் மீன் குழுத் தலைவர்.

"மீனு எங்கேயாவது பந்து ஆடுமா?" என்றேன் நான்.

"சேவலு ஆடுமோ? அது கறிக்குத்தான் ஆவும்!"

அக்கா கேடயத்தை ஒரு தாளில் வரைந்து, என் நெஞ்சில் வைத்துப் பிடித்தார்.

"அண்ணே, போட்டிருக்கிற உங்களுக்கு வலது எது?"

"சேவல்."

மீன் குழுத் தலைவரைப் பார்த்துக் கேட்டார்: "எதிர்ல நின்னு பாக்குற உங்களுக்கு?"

"அட, மீனு!"

"அப்புறம் என்னலா சண்டை? ரெண்டு பேருக்கும் வலதுதான்!"

கடையே சிரித்தது. குழுவும் உடையாமல் தப்பித்தது.

புதுச் சட்டை வந்ததும் வீட்டில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். போட்டிருப்பவனும் நானே, எதிரே நின்று பார்ப்பவனும் நானே; கண்ணாடிக்குள் எப்படிப் பார்த்தாலும் சேவலுக்குத்தான் வலது! அக்காவுக்கு அது தெரிந்திருக்குமோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நீங்கள் மட்டும் மீன்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.