அந்தப் பழத்தின் மறுபாதி

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், டெங்குக் காய்ச்சலோடு கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். எங்களுக்கு மணலூர்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரியில் எனக்குத் துணையாக இருந்தது என் நாத்தனார்.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண். சின்ன வயதுதான். மலையில் பல நாள் காய்ச்சலோடு கிடந்து, நிற்க முடியாமல் போன பிறகே கீழே கொண்டுவந்திருந்தார்கள். அவள் புருஷன் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்திலேயே கிடப்பான். பார்வை நேரத்தில் மட்டும் உள்ளே வருவான். மூன்று வயது மகளை அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

எங்கள் குடும்பம் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். படுத்தபடியே நான் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் கேட்டாள்: "இன்னாக்கா, எப்பப் பாத்தாலும் முணுமுணுத்துக்கினே கெடக்குற?"

"செபம் சொல்றேம்மா, ஒடம்பு சீக்கிரம் தேறணும்னு."

"எனக்கும் சேத்துச் சொல்லுக்கா."

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் வாந்தி, ரொட்டி கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் மத்தியானம் புருஷன் வந்தபோது அவளாகவே வாய் திறந்து கேட்டாள். "வரும்போது தள்ளுவண்டியில பாத்தமே, செதில் செதிலா, செவப்பா ஒரு பழம். அது வேணும்." அவன் அப்போதே வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு டிராகன் பழம் இருந்தது. அதைத் தோலோடு தின்பதா, வேகவைப்பதா என்று தெரியாமல் கட்டிலருகே நின்றான். நாத்தனார்தான் சிரித்துக்கொண்டே வாங்கி, கத்தியால் நடுவில் அறுத்தாள். உள்ளேயும் ரத்தச் சிவப்பு. எள்ளைத் தூவியதுபோல் கறுப்பு விதைகள்.

"பாதி அக்காவுக்குக் குடு" என்றாள் அவள். நான் வேண்டாம் என்றேன். "நீ தின்னாத்தான் நான் தின்னுவேன்" என்று பிடிவாதம் பிடித்தாள். சரியென்று வாங்கிக்கொண்டேன். அவள் தன் பாதியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றாள். வந்ததிலிருந்து அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அந்த ஒரு வேளைதான். "நல்லாத்தான் இருக்குது. போகும்போது பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கினு போவணும்" என்றாள். எங்கள் இருவர் வாயும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருப்பதைச் சொல்லி நாத்தனார் கேலி செய்தாள். என்னால் முழுவதும் தின்ன முடியவில்லை. எதையும் வீணாக்காத நாத்தனார், மிச்சத்தை டிபன் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை பக்கத்து இடத்தில் வேறு கட்டில் போட்டு வேறு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார் நர்ஸ். "அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் அசைத்தார். அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு வாய்க்கவில்லை. விடிவதற்குள் உடலை வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.

நான் பிழைத்தேன். வீட்டுக்கு வந்த அன்று, பாத்திரம் கழுவ டப்பாவைத் திறந்த நாத்தனார், "ஐயய்யே, புளிச்சிப் போச்சி" என்று குப்பையில் கொட்டப் போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, கொட்டாதே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அது அந்தப் பெண் எனக்குக் கொடுத்தது. அவள் வாங்கித் தரச் சொன்ன கடைசிப் பொருள். அதைக் குப்பையில் போட மனம் ஒப்பவில்லை.

அந்தக் கூழைப் பழைய துணியில் கட்டிப் பிசைந்து, டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினேன். வழவழப்பு போகப் போக விதைகள் மட்டும் நின்றன. நிழலில் காயவைத்து, மணலும் மக்கிய சாணமும் கலந்த மண்ணை ஒரு பழைய தட்டில் பரப்பி, மேலாகத் தூவி, கண்ணாடித் தாளால் மூடினேன். மெஷின் மிதிக்கக் காலில் பலம் இல்லாத நாட்கள் அவை. காலையில் எழுந்ததும் அந்தத் தட்டைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஒரு வாரம் போல் ஆனதும் பச்சைப் பச்சையாய்ப் புள்ளி வைத்தது. பிறகு பருப்புக்கீரை முளைத்ததுபோல் தடித்த இரண்டிரண்டு இலைகள். அந்த இலைகளுக்கு நடுவிலிருந்து, பூனை மீசை போன்ற மெல்லிய முட்களோடு குட்டித் தண்டு எட்டிப் பார்த்த அன்று நான் அழுதேன்.

தண்ணீர் அதிகம் தெளித்ததில் பாதிக்கு மேல் அழுகிப்போயின. சிலவற்றை வெயில் தின்றது. தப்பியவற்றை மண் நிரப்பிய பாக்கெட்டுகளில் மாற்றினேன். நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் பார்த்துவிட்டு, "விதையில போட்டா காய்க்க வருஷக் கணக்காவும்மா. தண்டு வாங்கி நட்டுட்டுப் போ" என்றார். காய்க்க வேண்டும் என்று நான் அவற்றை வளர்க்கவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கன்றுகள் விரல் நீளம் வந்தபோது, இரண்டு பாக்கெட்டுகளை அவள் புருஷனிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஊர் தெரியாது. மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வரும் ஆட்களிடம் வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருவர் அடையாளம் சொன்னார். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூர். ஆடி கழிந்ததும் நானும் நாத்தனாரும் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் கன்றுகள் சாயாமல் மடியில் பிடித்துக்கொண்டு போனேன்.

அவன் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். என்னை அடையாளம் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தான். "நீ பொழச்சிக்கினியாக்கா, நல்லது" என்றான். நான் பாக்கெட்டுகளை எடுத்து வெளியே வைத்தேன்.

"இன்னா செடிக்கா இது?"

"ஆஸ்பத்திரியில நீ வாங்கியாந்த பழம்பா. மிச்சத்துல இருந்த வெதைய எடுத்துப் போட்டேன்."

அவன் முகம் வெளுத்துப்போனது. இரண்டு பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். வெறுங்கையோடு திரும்பி வந்து, "யாரு கண்ணுலயும் படாத எடத்துல வச்சிருக்கேன். தப்பா நெனச்சிக்காதக்கா" என்றான்.

எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு அம்மாதான் விஷயத்தைச் சொன்னார். உடலை இறக்கியபோது அவள் உதடும் பல்லும் சிவந்து இருந்ததாம். பழம் வாங்கிக் கொடுத்தேன் என்று இவன் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். அந்தப் பழம்தான் கொன்றது, காய்ச்சல்காரிக்குக் கண்டதைத் தின்னக் கொடுத்துச் சாகடித்துவிட்டான் என்று அவளுடைய பெற்றோர் முடிவு கட்டிவிட்டார்கள். மகளை அவனிடம் தரவில்லை. வாசலுக்கே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் தூரத்தில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவானாம். நல்லது செய்வதாக நினைத்து, எதைக் கொண்டுவந்து யார் முன்னால் வைத்தேன்!

"என்னாலதான் அப்படி ஆயிப்போச்சின்னு எனக்கே சில நேரம் தோணுதுக்கா. டாக்டரு காய்ச்சல்தான்னாரு. ஆனா நான்தானே வாங்கியாந்தேன்" என்றான் அவன்.

நாத்தனார் படக்கென்று எழுந்தாள். "அந்த வூடு எங்க இருக்குது? வாய்யா, காட்டு."

வீடு அதிக தூரம் இல்லை. அவன் வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டான். இறந்துபோனவளின் அம்மா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தை உரித்து வைத்தாற்போல் ஒரு சிறு பெண் அவர் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லி, துக்கம் கேட்க வந்ததாகச் சொன்னேன். பிறகு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிட்டேன்.

"அம்மா, அந்தப் பழத்துல பாதிய நான்தாங்க தின்னேன்."

அந்த அம்மாவின் கை நின்றது. "இன்னா சொல்ற?"

"ஒரே பழம்தாங்க. ஒங்க பொண்ணுதான் எனக்குப் பாதி குடுக்கச் சொல்லிச்சி. நான் தின்னாத்தான் தின்னுவேன்னு சொல்லிச்சி."

"நான்தாம்மா அறுத்தேன்" என்றாள் நாத்தனார். "அந்தச் செவப்பு பழத்துச் சாயம். இவ வாயும் அப்படித்தான் செவந்து கெடந்துச்சி. ஈரத்துணி வச்சித் தொடச்சி விட்டதே நானு."

"ஒன் ஒடம்புக்குச் சேந்துச்சி. எம்மவ ஒடம்புக்குச் சேரலியே" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் குறையவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வந்த அன்றே அவளுக்கு ரத்தத்தில் பிளேட்லெட் மிகவும் இறங்கியிருந்தது, டாக்டர்கள் அப்போதே கைவிரிக்காத குறையாகப் பேசிக்கொண்டார்கள், அதெல்லாம் பழம் வாங்குவதற்கு முன்பே என்றேன். எனக்கும் அதே காய்ச்சல், அதே மருந்து, அதே பழம். நான் இதோ உங்கள் முன்னால் நிற்கிறேன், அவள் இல்லை; ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவன் கொடுத்ததால் இல்லை என்றேன்.

"ஒரே பழம்தானா?" என்று கேட்டார் பெரியவர். "ஒரே பழம்தாங்க" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

"எம்பொண்ணு அத ஆசையாத் தின்னாளா?"

"தின்னுச்சிங்க. நல்லா இருக்குதுன்னு சொல்லிச்சி. பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கினு போவணும்னு சொல்லிச்சி."

அப்போதுதான் அவர் வாய்விட்டு அழுதார். பத்து மாதம் கோபம் அடைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்த அழுகை அது. பிள்ளை மிரண்டுபோய் ஓடிவந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டது. பெரியவர் எழுந்து வேலிப் பக்கம் பார்த்து, "ஏன்யா அங்கியே நின்னுக்கினு இருக்கிற? உள்ள வா" என்றார். அவன் தயங்கித் தயங்கி வந்தான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அவன் கட்டிலில் உட்காரவில்லை, மாமனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் கிளம்பிவிட்டோம்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்லமாட்டேன். பிள்ளை இன்றும் தாத்தா வீட்டில்தான் வளர்கிறது. ஆனால் வாரச் சந்தைக்கு அப்பன் தோளில் உட்கார்ந்து போகிறது என்று அவன் போனில் சொன்னான். கன்றுகளில் ஒன்றைப் பன்றி கிளறிப் போட்டதாம். இன்னொன்றை அவன் மாமியாரே தன் வீட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பலா மரத்தைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் பூ வைக்கவில்லை.

துக்க வீட்டுக்குப் போய் என்ன பேசுவது என்று பயந்தே போகாமல் இருந்துவிடுகிற ஆள் நான். இப்போது அப்படி இருப்பதில்லை; இறந்தவர்களோடு கடைசியாக இருந்தவர் நாமாக இருந்தால், அவர்கள் என்ன தின்றார்கள், என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் சேர்ப்பது, பிழைத்து வந்தவரின் கடமை என்று நினைக்கிறேன்.