அந்த மத்தியானத்தை எழுப்ப ஒரு லேப்டாப்

2008-ஆம் வருஷம், ஜூன் மாதக் கடைசி. திருவனந்தபுரத்தில் மழை பிடித்தால் விடாத நாட்கள். ஒரு சனிக்கிழமை காலை, அண்ணனுடைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, துப்பட்டாவுக்குள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அண்ணன் செத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமைக்குள் நான் ஒரு லேப்டாப் வாங்கியாக வேண்டும். ஏதோ ஒரு லேப்டாப் போதாது. அவன் பாதியில் நிறுத்தி வைத்த வேலையைத் திறக்கிற லேப்டாப் வேண்டும்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் புரியாது. எங்களுக்கு வள்ளியூர் பக்கம். அப்பா கட்டட வேலைக்குத் திருவனந்தபுரம் வந்து, இங்கே நேமத்திலேயே தங்கிவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்தான். ஃபேக்டரி மெஷின்களுக்குள் பி.எல்.சி. என்று ஒரு பெட்டி இருக்கும். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்தக் கதவு எப்போது மூட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதுதான் அவன் தொழில். நானும் கூடவே போவேன். வயர் சீவுவேன், ஸ்க்ரூ முறுக்குவேன், கேபிளை மாட்டி அவன் எழுதியதை மெஷினுக்குள் ஏற்றுவேன். எனக்கு எழுதத் தெரியாது. ஏற்றத் தெரியும்.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சாஃப்ட்வேர். சிலது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் அண்ணன் ஒரே லேப்டாப்புக்குள் நாலைந்து கம்ப்யூட்டர் வைத்திருந்தான். விர்ச்சுவல் மெஷின் என்பான். ஒரு கட்டம் திறக்கும், அதற்குள் பழைய விண்டோஸ் முழுசாக ஓடும், அதற்கென்று தனிக் கடிகாரம்கூட உண்டு. அதை அவன் ஷட்டவுன் செய்ய மாட்டான். அப்படியே உறங்க வைத்துவிடுவான். மறுநாள் எழுப்பினால் விட்ட இடத்தில், விட்ட எழுத்தில் நிற்கும்.

அவனுடைய கடைசி வேலை நெய்யாற்றின்கரை போகிற வழியில் ஒரு மாட்டுத் தீவன ஃபேக்டரியில். மக்காச்சோளம், பிண்ணாக்கு, தவிடு எல்லாவற்றையும் மெஷினே எடை போட்டுக் கலக்கும். மழைக்காலத்தில் தவிடு ஈரமாகி ஒட்டிக்கொண்டு, கதவு மூடுகிற நேரத்தில் கட்டியாக விழும். எடை கூடிப்போய் மெஷின் நின்றுவிடும். மழைக்கென்று தனிக் கணக்கு ஒன்று எழுதிக்கொண்டிருந்தான் அண்ணன். முடித்தும்விட்டான். "ஏ பிள்ள, முடிஞ்சு. ஏத்தினா போதும். எனக்கு ஒருமாதிரி குளிருது, நாளைக்கு வந்து ஏத்துவோம்" என்று சொல்லி உறங்க வைத்து மூடினான். சேவ்கூட பண்ணவில்லை. அந்தக் குளிர் எலிக்காய்ச்சல். அவன் மறுநாள் ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். திரும்பி வரவில்லை.

நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டு ஓடு ஒழுகி லேப்டாப் மேல் சொட்டியிருக்கிறது. போர்டு கருகிவிட்டது. டிஸ்க் பிழைத்தது. அவன் பிழைக்கவில்லை, டிஸ்க் பிழைத்தது. அதை நினைத்து அந்த டிஸ்க் மேலேயே எனக்குக் கோபம் வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஃபேக்டரி சூப்பர்வைசர் போன் பண்ணினார்.

"மோளே, சங்கடம் இல்லாம இல்ல. ஆனா ஆளுங்க கையால தவிடு கோரி எடை போட்டு இடுப்பு ஒடிஞ்சு கிடக்குது. முதலாளி கொச்சியிலேருந்து வேற பார்ட்டியைக் கூப்பிட்டாச்சு. அவங்க எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா எழுதும். திங்களாழ்ச்ச வரைக்கும் நான் சொல்லி நிறுத்தலாம். அது கழிஞ்சா என் கையில இல்ல."

அண்ணன் எழுதியதை அழித்துவிடுவார்கள். எனக்கு அது மட்டும்தான் காதில் நின்றது. அப்பா சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கையில் கொடுத்தார்.

முதலில் போனது ஒரு பெரிய ஷோரூம். உள்ளே ஏ.சி. நனைந்த துணியோடு நின்றால் நடுங்குகிறது. டை கட்டின பையன் ஒருவன் பளபளவென்று ஒன்றைத் திறந்து காட்டினான். கேமரா இருக்கிறது, பாட்டு கேட்கத் தனி பட்டன் இருக்கிறது. நான் அதைப் புரட்டி ஓரத்தை எல்லாம் பார்த்தேன். மெஷின் கேபிளை மாட்ட ஒன்பது பின் உள்ள பழைய துளை வேண்டும்.

"சீரியல் போர்ட் இல்லையா?"

"சீரியலா? அதுக்கு டி.வி. வாங்கணும் சேச்சி" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு, "யு.எஸ்.பி.யில கன்வெர்ட்டர் போட்டா போதும்" என்றான்.

அந்த சாஃப்ட்வேருக்குக் கன்வெர்ட்டர் ஒத்து வராது. பாதி ஏறினதும் தொடர்பு அறுந்துவிடும். அண்ணன் அதை எத்தனையோ தடவை திட்டி நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பையனிடம் இதைச் சொல்ல எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, பொறுமையும் வரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பழவங்காடி வரை நடந்தேன். ஏறின கடையில் எல்லாம் இதே கதை. நின்றால் அழுகை வரும் போலிருந்தது, அதனால் நிற்கவே இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர், "குட்டீ, குடை கையில வச்சிட்டு நனையிறியே" என்று கத்தினார். அப்போதுதான் குடையை விரிக்காமல் நடந்தது தெரிந்தது.

மத்தியானம் ஒரு மாடிக் கடை. பழைய லேப்டாப் வாங்கி விற்கிற, ரிப்பேர் செய்கிற இடம். முதலாளி ஐம்பது வயசு இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. ரிப்பேர் மேஜையில் ஒரு சேச்சி உட்கார்ந்திருந்தார்.

"ஒன்பது பின்னா? ஈ காலத்திலா?" என்றார் முதலாளி. "மியூசியத்தில போய் நோக்கு மோளே." சொல்லிக்கொண்டே அலமாரியில் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். ஒன்பது பின் இருந்தது! மெமரியும் நிறைய. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன், அந்த மாசத்தில் முதல் தடவையாக.

"இந்த டிஸ்க்கைப் போட்டு, ஒண்ணு திறக்குதான்னு பாக்கணும்" என்றேன்.

சேச்சி டிஸ்க்கை ஒரு பெட்டிக்குள் மாட்டி லேப்டாப்போடு சேர்த்தார். அதிலேயே அண்ணன் வைத்திருந்த விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேரை ஏற்றினார். தீவன ஃபேக்டரி பெயரைத் தொட்டதும் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வந்தது. உறங்க வைத்தபோது திரை எப்படி இருந்ததோ அந்தப் படம். கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் மெஷினுக்கு எழுதுவது ஏணி மாதிரி கோடு கோடாக இருக்கும், அந்தக் கோடுகள் எனக்குத் தெரியும். அவன் போட்ட கோடு.

எழுப்பினார். இங்கிலீஷில் நீளமாக ஏதோ வந்தது.

"இது வேற கம்பெனி ப்ராசஸர்ல உறங்கினதாணு" என்றார் சேச்சி. "இந்த மெஷின்ல எழும்பாது. உறங்கினதைக் களஞ்சிட்டு, மொத்தமா அழிச்சிட்டு, முதல்ல இருந்து ஸ்டார்ட் பண்ணட்டான்னு கேக்குது."

"அதுக்கென்ன, களஞ்சேக்கு" என்று முதலாளி மவுஸை நோக்கிக் கை நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நன்றாக இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

"எந்தா மோளே இது! கையை விடு."

"களையாதீங்க. எங்கண்ணன் சேவ் பண்ணல. சேவ் பண்ணாமலே போயிட்டான்."

எங்கே போய்விட்டான் என்று அவர் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரோ தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுக் கடையில், மூக்கு ஒழுக அழுதேன். சேச்சி கேன்சல் பண்ணிவிட்டு, "சாரே, இனி ஒரு காப்பி எடுத்து வைக்காம ஒண்ணையும் தொட வேண்டாம்" என்றார். சாயா வரவழைத்துக் கொடுத்தார். டிஸ்க்கில் இருந்தது முழுக்கக் காப்பி ஆகி முடியும்வரை, எவ்வளவு ஆச்சு என்று காட்டுகிற கோடு திரையில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்காமலே சாயா ஆறிப்போனது.

அதன் பிறகு முதலாளியே எழுந்தார். கடையிலிருந்த லேப்டாப்பை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார். ஒன்றில் ப்ராசஸர் சரி, ஒன்பது பின் இல்லை. இன்னொன்றில் பின் இருந்தது, திரையே வரவில்லை. பில் போட வந்து காத்திருந்த ஒருவர் முணுமுணுத்தார். "ஒரு மினிட் நில்லு சாரே, இங்க ஒரு ஆளை எழுப்பணும்" என்றார் முதலாளி. சொன்னபிறகு என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசியில் சேச்சிதான் சொன்னார். "சாரே, சாரோட பில் மெஷின்?"

கல்லாவில் ஒரு தடி லேப்டாப் இருந்தது. செங்கல் மாதிரி. மேலே ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். பில் அடிக்கிற பழைய பிரிண்டரை மாட்டுவதற்காக ஒன்பது பின் துளை உள்ளதாகப் பார்த்து வைத்திருந்தாராம். திருப்பிப் பார்த்தார்கள். அதே கம்பெனி ப்ராசஸர், அண்ணனுடையதைவிடக் கொஞ்சம்தான் புதுசு. மெமரி போதவில்லை. நான் முதலில் ஆசைப்பட்டதிலிருந்து ஒரு மெமரியைக் கழற்ற சேச்சி எழுந்தார். அது பொருந்தவில்லை. வேறொன்றில் கழற்றினார். பொருந்தியது.

காப்பியைத்தான் எழுப்பினார்கள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி ஊர்ந்தது. நான் நகத்தைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது.

திறந்தது.

அண்ணன் எழுதின திரை. கடைசி வரியின் ஓரத்தில் கர்சர் மின்னி மின்னி நின்றது. கீழே கடிகாரம் மத்தியானம் மூணு மணி சொச்சம் காட்டியது. அவன் குளிருது என்று சொன்ன மத்தியானம். அந்தக் கட்டத்துக்குள் இன்னும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் திரையைத் தொடக்கூடப் போனேன். அதற்குள் கடிகாரம் ஒரே தாவலில் மாறிவிட்டது. சனிக்கிழமை, சாயங்காலம், நான் நிற்கிற அந்த நேரம்.

"யாரு மாத்தினது?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

"யாரும் மாத்தல மோளே" என்றார் சேச்சி. "எழும்பினதும் வெளியில என்ன நேரம்னு பாத்து, அது தானே சரியாக்கும். நீ முதல்ல சேவ் பண்ணு."

பண்ணினேன். இரண்டு தடவை பண்ணினேன்.

முதலாளி கல்லாவிலிருந்த தன் பில் கணக்கை எல்லாம் வேறொரு மெஷினுக்கு மாற்றிவிட்டு அந்தச் செங்கல்லை எனக்கே கொடுத்தார். நான் கொண்டுபோனதில் அடங்குகிற விலைதான் சொன்னார். "அப்போ உங்க பில்லு?" என்று கேட்டேன். "எனக்குக் கை இல்லையா, எழுதித் தரலாம்" என்றார். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "ஆனா இந்தக் கைதான் கொஞ்சம் வேதனை" என்றார்.

திங்கட்கிழமை ஃபேக்டரியில் கேபிளை மாட்டி ஏற்றினேன். அறுபடாமல் ஏறியது. வெளியே கொட்டுகிற மழை, தவிடு கையில் எடுத்தால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்கிறது. மெஷின் எடை போட்டது, கதவை மூடியது, கட்டி விழுந்தது. எடை சரியாக நின்றது. அடுத்ததும் நின்றது. தவிடு கோரிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் என் முன்னாலேயே கொச்சிக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்றார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எழுப்பினது காப்பியைத்தானே, அண்ணனுடைய டிஸ்க்கில் அது இன்னும் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை மறுபடி மறுபடி காப்பி எடுத்து எழுப்ப ஆரம்பித்தேன். கடிகாரம் தாவுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அந்த மத்தியானம் வருமே, அதைப் பார்க்க. சாப்பிட உட்காரும்போது எழுப்புவேன். வேலைக்குக் கிளம்பினவள் திரும்பி வந்து எழுப்புவேன். ஒரு நாள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"ஏளா, இதுலயா அவன் எழுதிட்டு இருந்தான்?"

"ஆமாம்மா. கடைசியா எழுதினது."

"என்னத்த எழுதினான்?"

"மழையில தவிடு ஈரமாவும்ல. அதுக்கு ஒரு கணக்கு."

"அது சரியாச்சா?"

"சரியாச்சும்மா. ஓடுது."

"அப்போ மூடிரு மக்களே" என்றாள். "பிள்ள வேலைய முடிச்சிட்டுத்தான் போயிருக்கான்."

இப்போது நானும் கொஞ்சம் எழுதப் படித்திருக்கிறேன், இரண்டு ஃபேக்டரிக்கு நான்தான் போகிறேன். வேலை முடிந்தால் உறங்க வைக்காமல், சேவ் பண்ணி, ஷட்டவுன் கொடுத்து, திரை கறுப்பாகிறவரை பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன், அந்தக் கறுப்பைப் பார்க்கிற தைரியம் எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை என்றாலும்.