வகுப்புக்குள் நுழையும் முன்

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் பாடமே நடத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பு, அறிவியல். உள்ளே போனேன், வருகை எடுத்தேன், கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தேன். எழுதியதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளைகள் முதலில் கிசுகிசுத்தார்கள், அப்புறம் சிரித்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் என் அத்தா சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்கள் சொந்தத்தில் படித்து வேலைக்குப் போன முதல் பெண் நான். போகக்கூடாது என்று சொன்ன எல்லாரிடமும் அத்தா சண்டை போட்டிருந்தார். அவரிடம் போய், பிள்ளைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தினமும் காலையில் பஸ் ஏறி மணலூர்பேட்டைப் பக்கம் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். இறங்கும்போதே கை ஜில்லிட்டுவிடும்.

அங்கேதான் அவளைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். என் வயதுதான். பக்கத்துக் கிராமம், கரும்பு போடுகிற குடும்பம். ஒருநாள் பிரேயருக்கு முன்னால் சுவருக்குப் பின்புறம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன்.

"உடம்பு சரியில்லையா டீச்சர்?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. முதல் பீரியடு இருக்குதுல்ல, அதான். தினமும் இப்படித்தான்."

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த என் கையை நீட்டிக் காட்டினேன். அதைப் பிடித்துப் பார்த்தவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சீக்கிரமே வர ஆரம்பித்தோம். காலி வகுப்பில் ஒருத்தி கடைசி பெஞ்சில் உட்காருவாள், இன்னொருத்தி அன்றைய பாடத்தை நடத்திப் பார்ப்பாள். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். அது தடுக்காமல் வந்துவிட்டால் மற்றதும் வந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் நின்றால் மூச்சு சீராகிறது என்று கண்டுபிடித்தோம். அவளுக்கு வேறு வழி. முதலில் ஒரு பிள்ளையை எழுப்பிக் கணக்கைச் சத்தமாகப் படிக்கச் சொல்வாள். அவன் படித்து முடிப்பதற்குள் நெஞ்சு படபடப்பு அடங்கிவிடும். ஓய்வு பீரியடில் ஒருத்தி வகுப்பில் மற்றவள் போய்க் கடைசியில் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. பயம் விட்டுப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தினார்கள், கேள்வி கேட்டார்கள். அவள் வாந்தி எடுப்பது கம்மியானது.

அவளைத் தினமும் சைக்கிளில் கொண்டுவந்து விடுவது அவள் அண்ணன். டிகிரி முடித்தவர். ஒவ்வொரு இண்டர்வியூவாகப் போய்த் திரும்பிவந்து, கடைசியில் கரும்புக் கொல்லையிலேயே நின்றுவிட்டவர். கேட்டில் இறக்கிவிடும்போது, "இன்னா டீச்சர், இன்னிக்கி கணக்கு ஜெயிக்குமா, வயிறு ஜெயிக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அவள் பையால் அவர் முதுகில் ஒன்று வைப்பாள்.

படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டு அவள் சாதிக்காரர்கள் எங்கள் பக்கம் முழுக்கக் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருஷங்கள் அவை. அந்த வருஷம் சாலை மறியல் என்று முடிவானது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, அத்தா கடையைத் திறக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் அடைந்து கிடந்தோம்.

பஸ் ஓட ஆரம்பித்த அன்று பள்ளிக்குப் போனேன். அவள் வரவில்லை. பியூன்தான் சொன்னார். மறியலுக்கு அவள் அண்ணனும் மரம் வெட்டப் போயிருந்தார், மரம் அவர் பக்கமே திரும்பி விழுந்துவிட்டது, அடியில் சிக்கிக்கொண்டார், உயிர் போய்விட்டது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"உசுரு இருந்துச்சிம்மா. தண்ணி கேட்டான். கட்டில்ல போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுனோம். எந்த வண்டி வரும்? வழியெல்லாம் மரம். எங்க பசங்க வெட்டிப் போட்ட மரத்தையே தாண்டித் தாண்டித் தூக்கிக்கினு போனோம். ஒவ்வொரு மரத்துக்கும் கட்டில எறக்கி ஏத்த வேண்டியதாப் போச்சி. பாதி வழியில அடங்கிட்டான்."

வெளியே இருட்டும்வரை கையை விடுவித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு வாசலில் நின்றவள் உள்ளே கால் வைக்கவில்லை. "நான் கடைசியில உக்காருறேன், வா," என்றேன். முதலில் நான் போனேன், பின்னாலேயே அவளும் வந்தாள். கட்டிலுக்குத் தோள் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

வழக்கம்போல ஒருவனை எழுப்பி, விட்ட இடத்திலிருந்து அடுத்த கணக்கைப் படிக்கச் சொன்னாள். புத்தகத்தை அவள் பார்த்திருக்கவில்லை. உயரங்களும் தூரங்களும் என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து படித்தான்.

"காற்றில் முறிந்த ஒரு மரத்தின் நுனி தரையைத் தொடுகிறது..."

அதற்குமேல் அவன் படிக்கவில்லை. நின்றபடியே புத்தகத்தை மூடினான். முன் பெஞ்சில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அவர்கள் சிரித்திருந்தால்கூட அவள் சமாளித்திருப்பாள் என்று நினைக்கிறேன். அதற்குத்தான் நாங்கள் இத்தனை நாள் பழகியிருந்தோம். அவள் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள், வெளியே போனாள். நான் பின்னால் ஓடுவதற்குள் மைதானத்தைத் தாண்டியிருந்தாள்.

அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் வகுப்பில் நின்றால் பேச்சு வரவில்லை. தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. "பத்தாங்கிளாஸும்மா, பரிட்சை வருது, நான் இன்னா பண்ணட்டும்?" என்று வருந்திவிட்டு வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார். தன்னைத் தெரியாத ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று அவளாகவே மாற்றல் கேட்டாள். கல்வராயன் மலையில் ஒரு சின்னப் பள்ளி கிடைத்தது.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போது, அவள் இந்நேரம் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அவள் பள்ளிக்கு அன்று வேலை நாள். அவள் வெளியே மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் அமைதியாக வரிசையாக உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலைப் பிள்ளைகள். கூப்பிட்டால்கூடக் குரல் எழாத பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு டீச்சர் வேண்டியிருந்தது.

"வா, நான் கடைசியில உக்காருறேன்," என்றேன்.

"நீ எத்தினி நாளைக்கு உக்காருவ?"

"பழைய மாதிரி முதல் வரிய மட்டும் சொல்லிப் பாரு. பயம் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும்."

அவள் என்னைப் பார்த்தாள். "பயமா? பயம் அப்பவே போயிடுச்சிடி. வயிறு பொரட்டல, கை நடுங்கல. உள்ள போயி நிக்கிறேன். இந்தப் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்து இன்னா ஆவப் போவுதுன்னு தோணுது. எங்க அண்ணனும் படிச்சவருதான? அப்படித் தோணுனதும் வாயி மூடிக்கிது."

நடுக்கத்துக்குத்தான் எங்களிடம் வழிகள் இருந்தன. மதியம்வரை அந்தக் கல்லிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்துவிட்டு நான் கீழே இறங்கினேன். அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒதுக்கீடு பிறகு வந்தது. அறிவிப்பு வந்த அன்று பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கு நடந்தேன். தெரு முழுக்க வெடிச் சத்தம், இனிப்பு. நியாயமான சந்தோஷம்தான்; அந்தத் தெருவிலிருந்து பிறகு எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். அவள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. உள்ளே அவள் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தாள். ஒவ்வொரு வெடிக்கும் அந்தப் போர்வை அசைந்தது.

"அந்தப் பசங்கள கொஞ்சம் தள்ளிப் போயி வெடிக்கச் சொல்றியாம்மா?" என்றார் அவள் அம்மா. "உங்கிட்ட படிச்ச பசங்கதான். நீ சொன்னா கேப்பானுங்க."

வெளியே வந்தேன். அவர்கள் என்னைப் பார்த்ததும் பத்தியைக் கீழே போட்டுவிட்டு வணக்கம் வைத்தார்கள். நான் சொல்லப்போவதைக் கேட்கக் காத்து நின்றார்கள். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒருவன் ஓடிப்போய் ஒரு லட்டு கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் மறுபடியும் வெடிக்க ஆரம்பித்தது.