ரெண்டு பேருக்கு இருநூறு வாட்ஸ்

வூட்டு ஸ்பீக்கருக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினு, கள்ளக்குறிச்சியில தியாகதுருகம் பஸ் ஏறனேன்.

மடியில இருந்த பெட்டியக் கண்டக்டர் பாத்தாரு.
"இருநூறு வாட்ஸா? எந்தக் கோயிலுக்குங்க?"

"வூட்டுக்குங்க. நானும் சம்சாரமும்தான்."

"ரெண்டு பேருக்குமே காது மந்தமுங்களா?"

சின்ன ஆம்ப்ளிஃபயர ஃபுல்லா ஏத்தனாதான் பாட்டு பிசிறும், ஸ்பீக்கரும் எரிஞ்சிடும். பெருசு வாங்கி கம்மியா வெச்சா சுத்தமா கேக்கும்னு சொன்னேன்.

மேல கரகரன்னு பாடிக்கினு இருந்த பஸ் ஸ்பீக்கர நிமிர்ந்து பாத்தாரு. போய் சவுண்டக் கொறைச்சாரு.

"பாட்டு இன்னாய்யா ஆச்சி?" மொத்த பஸ்ஸும் கத்திச்சி. பழையபடி ஏத்திட்டாரு.

வூட்டுக்கு வந்து மாட்டி, கம்மியா வெச்சி, கண்ண மூடிக் கேட்டுக்கினு இருந்தேன்.

சம்சாரம் எட்டிப் பாத்தா. "இவ்ளோ பெருசு வாங்கினு வந்து சத்தமே வரலியே, ஏமாத்திட்டானா?"

அந்தக் கண்டக்டர யாருக்காச்சும் தெரியுமா? கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும்.