குடை பிடித்து வளர்த்த லூபின்

மூணு மாசமா மொட்டை மாடியில் ஒரு பூந்தொட்டிக்குக் குடை கட்டி வெச்சிருக்கேன்.

ஆன்லைனில் வாங்கின காட்டு லூபின்ங்கிற வெளிநாட்டுப் பூச்செடி விதை. குளிர்ந்த மலையில, ஈரமான புல்வெளியில வளரும்னு பாக்கெட்ல போட்டிருந்துச்சு. திருமயம் வெயிலுக்கு என்ன செய்ய? விதையை ஃப்ரிட்ஜில் வெச்சேன். தினமும் ஐஸ் தண்ணி ஊத்தினேன்.

இன்னைக்குக் காலையில பூத்திருச்சு. பாக்கெட்ல இருந்த அதே ஊதா!

பால் ஊத்த வந்த செல்லமக்காவை விடாம மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்.

அக்கா பூவைப் பார்த்தாங்க. குடையைப் பார்த்தாங்க. அப்புறம் என்னை.

"தம்பி, இது கொழுஞ்சி. ஆடுகூடத் திங்காது. நெல்லுக்கு உரமா மடக்கி உழுவோம். எங்க வயல் மண்ணைத்தானே அள்ளிட்டு வந்தீங்க? அதுல வந்திருக்கும்."

"அப்ப நான் போட்ட வெதை?"

"அதோட எலை எப்படி இருக்கும்?"

அப்பத்தான் பாக்கெட் படத்தை ஒழுங்காப் பார்த்தேன். விரல் விரிச்ச கை மாதிரி இலை.

அந்த மாதிரி இலையோட ரெண்டு செடி வந்துச்சு. லூபினுக்கு இடைஞ்சல்னு போன மாசம் நான்தான் பிடுங்கிப் போட்டேன்.

சொன்னேன். அக்கா கொஞ்சம் யோசிச்சாங்க.

"தைவேளைக்கும் அப்படித்தான் எலை இருக்கும். அதுவும் எங்க வயக்காட்டுக் களைதான்."

சொல்லிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

இப்ப நான் பிடுங்கினது லூபினா, தைவேளையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அதுவரைக்கும் கொழுஞ்சி குடைக்குள்ளயே இருக்கட்டும். வெயில் தாங்காது, பாவம். மூணு மாசமா ஐஸ் தண்ணி குடிச்சு வளர்ந்தது.